அம்மா ஏன் கடைசியாக ஏறுகிறார்

பெப்ரவரி 9, திங்கள்.

இன்று நாங்கள் பியர்பொன்ட்ஸ் போகும் பஸ்ஸைப் பொலிஸ் மறித்தது. முன்னால் ஏதோ விபத்து. பொலிஸ்காரர் ஒருவர் ஏறிச் சாரதியுடன் பிரெஞ்சில் கதைத்தார். அவ்வளவுதான். அம்மா பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார். வேறு யாரும் அசையவில்லை. நான் பின்னால் ஓடினேன். பனியில் அடையாள அட்டையை நீட்டியபடி நின்றார்.

"அம்மா, இஞ்ச ஒருத்தரும் இறங்கச் சொல்லேல்லை."

"ஓம், தெரியும். கால் தானா இறங்கீட்டுது."

சிரிக்கப் பார்த்தார். சாரதி கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

"ஏறுங்கோ அம்மா" என்றேன்.

"நீ முதல் ஏறு பிள்ளை. நான் பின்னால வாறன்."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எல்லா பஸ்ஸிலும் இதையேதான் சொல்கிறார். பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

உட்கார்ந்தபின் யன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஊரில் சோதனைச் சாவடியில் எல்லாரும் இறங்கி நடந்து, மறுபக்கத்தில் திரும்ப ஏற வேண்டுமாம். அம்மாவிடமும் அவரது தம்பியிடமும் பயண அனுமதிப் பாஸ் இருந்தது. அம்மா ஏறிவிட்டார். தம்பியை ஆமி மறித்து வைத்துக்கொண்டது. பஸ் வெளிக்கிட்டுவிட்டது.

"நீ முதல் ஏறு அக்கா, நான் பின்னால வாறன் எண்டவன்."

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்ததே எனக்கு இன்றுதான் தெரியும். பெயரைக் கேட்கவில்லை.