பின் சீட்டுக்காரிக்கு ஒரு மீட்டர்

எதிர்வீட்டு மருமகன் பழைய ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி வந்திருக்கிறார். இன்று காலை அதை உதைத்துக் கிளப்பியதும் எண்ணெய் கருகிய வாடை என் சமையலறை வரைக்கும் வந்துவிட்டது. எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். உங்களுக்குப் பிடித்த வாடை அது. எனக்கு ஆகாது.

அந்தத் தெலுங்கு ஊரில் நாம் குடியிருந்தபோது ஒருநாள், உங்கள் ஸ்கூட்டரில் போவன்பள்ளி மார்க்கெட்டிலிருந்து உச்சி வெயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். எஞ்சின் சூடேறி பிஸ்டன் இறுகிக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் நிற்க, காய்கறிப் பையோடு நான் ரோட்டில் விழுந்தேன். நீங்கள் வண்டியை ஸ்டாண்டில் போட்டீர்கள், பக்கத்து மூடியைக் கழற்றினீர்கள், கையை நீட்டிச் சூடு பார்த்தீர்கள். என்னைத் தூக்கியது பின்னால் கீரைக்கட்டோடு வந்த ஒரு தெலுங்குக்கார அம்மாள். "லேம்மா, லே" என்று என்னை எழுப்ப அவள் குரல் கொடுத்த பிறகுதான் திரும்பினீர்கள். உடைந்த என் இடது மணிக்கட்டு கோணலாகவே கூடியது.

அதன்பின் நான் பஸ்ஸில்தான் போனேன். எஞ்சின் சூட்டுக்குப் பயந்துவிட்டேன் என்று நினைத்தீர்கள். ஆலையில் உலைச் சூட்டை அளக்கும் வேலை உங்களுக்கு. வேறு எப்படி யோசிக்க வரும்? ஞாயிறானால் நம் மெட்டுகுடா வீட்டு வாசலில் வண்டியைப் பிரித்துப் போட்டுவிடுவீர்கள். சிலிண்டரைச் சுற்றியிருந்த தகடுகளின் இடுக்கில் கருகிக் கிடந்த அழுக்கைச் சுரண்டினீர்கள். காற்று போக மூடியில் வரிவரியாக வெட்டினீர்கள். பிளக்குக்கு அடியில் சூடு காட்டும் கம்பியைச் செருகி ஹேண்டிலில் ஒரு குட்டி மீட்டர் வைத்தீர்கள்.

"முன்னைக்கு இப்ப சூடு நல்லா கம்மி. வரியா?"

"நக்கோ," என்பேன். வேண்டாம் என்பதற்கு, தெருவில் உருது பழகிய நம் பிள்ளைகளிடமிருந்து தொற்றிக்கொண்ட சொல். உங்களை மறுக்க வசதியாக இருந்தது.

ஒரு ஞாயிறு பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அது எவ்ளோ சூடானா எனக்கென்னங்க? நான் விழுந்தப்ப உங்க கை மொதல்ல எங்க போச்சு?"

நீங்கள் ஸ்பேனரைக் கீழே வைத்தீர்கள். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அடுத்த வாரம் கம்பியை நீட்டி, மீட்டரைப் பின் சீட்டுப் பிடியின் பக்கம் மாற்றினீர்கள். என் சாந்துக் குப்பியை எடுத்து, முள் தாண்டக்கூடாத இடத்தில் சிவப்புக் கோடு போட்டீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். "ஓட்டறவருக்குத் தெரியாத மீட்டர் எதுக்கு ஸார்?"

"அவ பாத்துச் சொன்னா நிறுத்துவேன்," என்றீர்கள்.

நான் ஏறி உட்கார்ந்தேன். மார்க்கெட்டுக்குப் போகும் மேட்டிலேயே முள் கோட்டைத் தொட்டது.

"நிறுத்துங்க."

உடனே ஓரம் கட்டினீர்கள். மூடியை நீங்கள் தொடவேயில்லை. இறங்கி என் பக்கம் திரும்பி, "உனக்கு ஒண்ணுமில்லையே?" என்றீர்கள். விழுந்த அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"முள்ளு இறங்கட்டும்," என்று மட்டும் சொன்னேன். இறங்கும்வரை இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு எத்தனையோ வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தேன். நீங்கள் மறுபடி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீங்கள் போன பிறகு பார்க்கிறவர்களெல்லாம் நலம் விசாரிக்கிறார்கள். எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன் என்று எல்லோரிடமும் சட்டென்று சொல்லிவிடுகிறேன். உங்களிடம்தான் அன்று அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.