இன்னொரு குடும்பம்

ஜூன் 3, செவ்வாய்

மண்டபத்தின் வாட்ஸ்அப் படத்திலிருந்து பிள்ளையாரை எடுத்துவிட்டு வாழைமரத்தை வைப்பது என்று இன்று முற்பகல் முடிவு செய்யப்பட்டது. உரிமையாளர் சக்கரபாணி, அலுவலகத்தில் போன் எடுக்கும் பொன்னி, நான் ஆகிய மூவரும் கூடிய கூட்டத்தில் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பொன்னி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திண்டிவனத்தில் கல்யாண மண்டபத் தொழிலின் போக்கு இனி வேறாக இருக்கும்.

சக்கரபாணி என் மனைவியின் தம்பி. விழுப்புரத்தில் நான் நடத்திய புத்தகக் கடையை மூடியதும், "சும்மாதானே இருக்கீங்க மாமா, நம்ம மண்டபத்துக்கு வந்து மார்க்கெட்டிங் பாருங்க" என்றான். ஒரு கடையை மூடும் அளவுக்கு வியாபாரம் தெரிந்தவன் என்பதே என் தகுதி. தினமும் விழுப்புரத்திலிருந்து காலை ரயிலில் வருகிறேன்.

ஜூன் 5

வருகிறவர்களுக்குக் குறைவில்லை. எடுக்கிறவர்கள்தான் இல்லை. நம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில் சரி சொல்லும் முன்பே மண்டபம் பார்க்க வந்துவிடுகிறார்கள். முகூர்த்த நாள் கொஞ்சம், கல்யாணம் அதிகம். பேசி முடிப்பதற்குள் மண்டபம் போய்விடுமோ என்ற பயம். வேனில் வந்து இறங்கி, கழிப்பறைக் குழாய்களை எல்லாம் திறந்து பார்த்து, பந்திக் கூடத்தில் குரல் எதிரொலிக்கிறதா என்று யாரையாவது கூப்பிட்டுப் பார்த்து, "பேசிட்டு சொல்றோங்க" என்று அடுத்த மண்டபத்துக்குப் போய் அங்கேயும் குழாயைத் திறக்கிறார்கள்.

யூடியூபில் கோட் போட்ட ஒரு பையன் இதற்கு வழி சொன்னான். ஃபனல். எண்ணெய் ஊற்றும் புனல்தான். மேலே விசாரிப்பவர்கள், கீழே முன்பணம் கட்டுபவர்கள். நடுவில் யாரும் வெளியே சிந்திவிடக் கூடாது. மனிதர்களைத் திரவமாக நினைத்துக்கொண்டால் எல்லாம் சுலபம்.

ஜூன் 7, சனி

வந்து போனவர்களுக்குத் தானாகவே போகிற மாதிரி ஒரு செய்தி எழுதினேன். நான்கு வாக்கியம், இரண்டு அரைப்புள்ளி. ஒருவரும் பதில் போடவில்லை.

"கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி இருக்குது சார். யாரு படிப்பா?" என்றாள் பொன்னி.

மத்தியானம் வேறொன்று எழுதினேன். வந்து போன இரண்டாம் நாள் போகும். 'நீங்கள் பார்த்த அதே தேதியை இன்னொரு குடும்பமும் கேட்டிருக்கிறது. உங்களுக்காக நாளை மாலை வரை வைத்திருக்கிறோம்.'

"யாரு சார் அந்த இன்னொரு குடும்பம்?"

"யாராவது இருப்பாங்க."

"அப்ப அவங்களுக்கும் ஒரு பேரு வச்சிடலாமா சார்?"

இத்தனை வருஷம் புத்தகம் விற்றவன் எழுதிய முதல் புனைகதை. வாசகர்கள் காத்திருக்கிறார்கள்.

ஜூன் 11

இரண்டு கல்யாணம், ஒரு மஞ்சள் நீராட்டு விழா பதிவாகியிருக்கின்றன. எல்லாம் அந்தச் செய்திக்குப் பிறகு.

ஜூன் 13, வெள்ளி

கோலியனூர் வேங்கடேசன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கரும்பும் பயிர் வைக்கிறவர். மாப்பிள்ளை வீடு திண்டிவனம் என்பதால் இங்கே மண்டபம் பார்க்க வந்தார், மகள் கலைப்பிரியாவுடன். கேட்ட தேதி ஆவணி பன்னிரண்டு. அவர் குழாய் திறக்கப் போன நேரத்தில் அந்தப் பெண் பொன்னியிடம் பேசியிருக்கிறாள்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலக்கா. ஒரு தடவதான் பார்த்தேன். நான் என்ன கேட்டாலும் அவங்க அம்மாதான் பதில் சொல்றாங்க. அவரு வாயத் திறக்கவே இல்ல. யோசிக்கணும்னேன். மாசக் கடைசி வரைக்கும் யோசின்னு அப்பா சொல்லிட்டாரு."

பொன்னி இதை என்னிடம் சொன்னபோது சிரித்தேன். பிறகு வேங்கடேசனின் எண்ணைப் புனலின் மேல்வாயில் சேர்த்தேன்.

ஜூன் 16, திங்கள்

வேங்கடேசன் முதல் பஸ் பிடித்து வந்துவிட்டார். நான் வரும்போது அலுவலக வாசலில் நின்றிருந்தார். போனைத் திறந்து, என் செய்தியை எனக்கே காட்டினார்.

"நல்ல வேள நீங்க சொன்னீங்க சார். இல்லன்னா கை நழுவிப் போயிருக்கும்."

"வீட்ல எல்லாரும் சரின்னுட்டாங்களா?"

"பாப்பாதான் மாசக் கடைசின்னு சொல்லிக்கினு இருந்தா. மண்டபம் காத்துக்கினு இருக்குமா? நேத்து ராத்திரியே உட்கார வச்சிப் பேசி முடிச்சிட்டோம். அழுதா. அதெல்லாம் சரியாப் பூடும்."

இந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். 'அப்படி ஒரு குடும்பம் இல்லைங்க.' சொல்லவில்லை. பந்தியில் எத்தனை வரிசை வேண்டும் என்று கேட்டேன்.

முன்பணம் கட்டிவிட்டு, நன்றிக்கு ஒரு பை மல்லாட்டை கொடுத்தார். மாலையில் வேக வைத்துத் தின்றோம். நன்றாக இருந்தது.

ஜூன் 18

சக்கரபாணி எனக்குச் சுழலும் நாற்காலி வாங்கித் தந்திருக்கிறான். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பெண் அழுததுதான் நினைவுக்கு வருகிறது.

ஜூன் 20, வெள்ளி

கலைப்பிரியா போன் செய்தாள். நான்தான் எடுத்தேன்.

"சார், அந்தத் தேதிய இன்னொரு குடும்பம் கேட்டாங்களாமே. அவங்க நம்பர் குடுப்பீங்களா?"

எதற்கு என்று கேட்டேன்.

"கட்டின பணம் திரும்பி வராது, அதே தேதிய வேற யாராவது எடுத்தாத்தான் வரும்னு போர்டுல போட்டிருக்கீங்க இல்ல. நானே அவங்ககிட்ட பேசி விட்டுக் குடுத்துடறேன் சார். அப்பாவுக்கும் நஷ்டம் இல்ல. தேதி போனா கல்யாணம் ஐப்பசிக்குத் தள்ளும். நான் அதுக்குள்ள அவருகிட்ட ஒரு தடவையாவது தனியாப் பேசிடுவேன். அவங்களுக்கும் அவசரம் இருக்கும் இல்ல, பாவம்."

பாவம் என்றது அந்தக் குடும்பத்தை. நான் உண்டாக்கிய குடும்பத்தை.

விசாரித்துச் சொல்வதாகச் சொன்னேன். யாரிடம் விசாரிப்பது? என்ன மனுஷன்டா நீ.

ஜூன் 21

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"வந்த அட்வான்ஸத் திருப்பிக் குடுக்கற மண்டபம் எங்கனா இருக்குதா மாமா?" என்றான் சக்கரபாணி. "ஏன் குடுத்தாங்கன்னு ஊர்ல கேப்பான். மெசேஜு டூப்புன்னு ஆயிடும். அப்புறம் ஒருத்தன் வரமாட்டான். பேஜாரு."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நாளை நானே கோலியனூருக்குப் போய் வேங்கடேசனிடம் உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

போனேன்.

விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஏறிய கொஞ்ச நேரத்தில் கோலியனூர் வந்துவிடுகிறது. வார்த்தைகளை அடுக்கி முடிக்கும் அளவுக்குத் தூரம் இல்லை. வேங்கடேசன் ஓடிவந்து நாற்காலி போட்டார். அவர் மனைவி வீரம்மாள் காபி கொண்டுவந்தார்.

"ஒரு விஷயம் சொல்லத்தான் வந்தேன்" என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சரியான நேரத்துக்கு வந்தீங்க சார். புத்தகக் கடை வச்சிருந்தவரு. இதக் கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்று கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் கையில் வைத்தார்.

பார்த்தேன். சுற்றமும் என்பதில் வல்லின றகரம் இல்லை. திருத்தினேன். வேறு சிலவும் திருத்தினேன். மணமகள் பெயரில் பிழை எதுவும் இல்லை. பேனாவை மூடியபோது நான் சொல்ல வந்தது எங்கோ போயிருந்தது.

கிளம்பும்போது வாசலில் கலைப்பிரியா நின்றாள்.

"அந்தக் குடும்பம் என்ன சொன்னாங்க சார்?"

உள்ளே வேங்கடேசன் யாருக்கோ போனில், மண்டபத்துக்காரர் வீட்டுக்கே வந்திருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா, அவங்க வேற மண்டபம் பார்த்துட்டாங்களாம்."

"சரிங்க சார்" என்றாள். "அவங்க நல்லா இருக்கட்டும்" என்றாள்.

முதல் பொய்யை வியாபாரத்துக்காகச் சொன்னேன் என்று எனக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இது யாருக்காக? எனக்காக மட்டும். சக்கரபாணிக்குக்கூட இதில் பங்கு இல்லை.

ஜூன் 23

இன்றாவது போய்ச் சொல்லிவிடலாம் என்று பஸ் ஸ்டாண்டில் நின்று கோலியனூர் பஸ்கள் போவதைப் பார்த்தேன். ரயில் ஏறிவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

அந்தச் செய்தியை யாரிடமும் கேட்காமல் அழித்துவிட்டேன். அறச்சீற்றம் மிகுந்த செயல். கோலியனூரில் யாருக்கும் இதனால் பயன் இல்லை.

ஜூலை 8

சக்கரபாணியே திரும்பப் போட்டுவிட்டான். என் நடையை அவன் மேம்படுத்தியிருப்பதாகப் பொன்னி காட்டினாள். இப்போது கேட்பது இரண்டு குடும்பங்கள்.

ஜூலை 27

ஆடி. மண்டபம் காலி. ஆவணித் தேதிகள் எல்லாம் போய்விட்டன. நம் வரலாற்றில் முதல்முறை என்கிறான் சக்கரபாணி. ஃபனல் வேலை செய்கிறது.

ஆகஸ்ட் 28, வியாழன்

வேங்கடேசன் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் காலையில் நல்லபடியாக முடிந்தது. குழாய்களில் தண்ணீர் வந்தது. வேங்கடேசன் என்னை மேடைக்கு இழுத்துப் போய், "இவருதான் நமக்கு மண்டபம் பிடிச்சிக் குடுத்தவரு" என்று சம்பந்தி வீட்டாருக்கு அறிமுகம் செய்தார். கலைப்பிரியா வணக்கம் சொன்னாள்.

மாப்பிள்ளையிடம், "டிபன் சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன்.

"ஆச்சுங்க, சாப்பிட்டான்" என்றார் அவர் அம்மா.