கூப்பிட்டால் முனகும் கிட்டார்

அன்புள்ள தம்பிக்கு, அண்ணி எழுதுவது.

நானும் உன் அண்ணன் மகளும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். குழந்தைக்கு முன்பல் விழுந்துவிட்டது. கேட்காதவர்களுக்கும் வாயைத் திறந்து காட்டுகிறாள். நீ போனை எடுப்பதே இல்லை. அதனால்தான் கடிதம்.

உன் அண்ணனின் கிட்டாரைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாங்கி வந்த அன்று பஸ்ஸில் என்னை நிற்க வைத்துவிட்டு அதற்குச் சீட்டுப் பிடித்தாரே, அதேதான். கடைசியாக வாசித்துவிட்டு அவர் மாட்டிய ஆணியிலேயே, கூடத்துச் சுவரில் தொங்குகிறது. துக்கத்துக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு, சமையலறையிலிருந்து குழந்தையைக் கூப்பிட்டேன். கூடத்தில் யாரோ முனகினார்கள். கூடத்தில் யாரும் இல்லை. பயந்துபோய் மறுபடி கூப்பிட்டுப் பார்த்தேன்; முனகியது கிட்டார்.

கிட்டார் பழுதுபார்ப்பவரை வரவழைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று அவர் சிரிக்கவில்லை. "கம்பி எந்தச் சுருதியில நிக்குதோ, அந்தச் சுருதியில யாராச்சும் பேசினா அதுவும் அதிரும்மா. நல்ல மரம், அதான் காது கேக்குது" என்றார். இன்னொன்றும் சொன்னார். கம்பிகள் இழுத்து இழுத்து, அடியில் அவற்றைப் பிடித்திருக்கும் கட்டை தூக்க ஆரம்பித்துவிட்டதாம். எல்லாவற்றையும் தளர்த்தாவிட்டால் பெயர்ந்தே வந்துவிடுமாம். பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். உன் அண்ணன் முறுக்கி வைத்ததைத் தளர்த்த எனக்குக் கை வரவில்லை.

குழந்தை இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். தினமும் ஸ்டூலில் ஏறி, கிட்டாரின் ஓட்டையருகே வாயை வைத்து, "அப்பா" என்று இழுக்கிறாள். அது முனகினால்தான் பள்ளிக்குக் கிளம்புகிறாள். அவள் போனதும் நானும் "என்னங்க" என்று கூப்பிட்டுப் பார்ப்பேன். உன்னிடம் என்ன ஒளிவு மறைவு.

போன வாரம் கட்டை இன்னும் தூக்கியிருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு மெல்லிய கம்பியைத் தளர்த்தினேன். அவளுக்குப் பதில் சொல்வது அந்தக் கம்பிதான் என்று எனக்குத் தெரியாது. அவள் கூப்பிட்டாள், கூப்பிட்டாள், பதிலே இல்லை. பதறிப்போய் குத்துமதிப்பாகத் திரும்ப முறுக்கினேன். பழைய சுருதி வரவில்லை. இப்போது அவள் குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டால்தான் முனகுகிறது. "அப்பாவுக்குத் தொண்டை கம்மிடுச்சும்மா. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாரா?" என்று கேட்கிறாள். அவருக்குக் கடைசி நாட்களில் முதலில் கம்மியது தொண்டைதானே, தம்பி. அவள் மறக்கவில்லை.

அவர் வைத்த சுருதி உனக்குத் தெரியும். ஆனால் அதைச் சரிசெய்ய நான் உன்னைக் கூப்பிடவில்லை. எல்லாக் கம்பிகளையும் தளர்த்த வா. உன் குரல் அச்சு அசல் அவர் குரல். அதனால்தான் போனை எடுக்கப் பயப்படுகிறாய் என்று எனக்குத் தெரியாதா? நான் அழுவேன்தான். அழுதுவிட்டுப் போகிறேன்.

வரும்போது மணியடிக்காதே. வாசலில் நின்று குழந்தையைக் கூப்பிடு. கிட்டார் முனகினால் முனகட்டும். அவள் கூப்பிட்டால் பதில் சொல்ல இந்த வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணி