இருண்ட திரையில் உன் பெயர்

மேகமலை

அன்பு மகள் ஷெரினுக்கு,

எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரை நான் உடைத்துவிட்டதாகப் போடியில் பேசிக்கொள்கிறார்களாம். அது பொய். கர்த்தர் தயவில் நான் சுகம். மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா?

மேனேஜருக்காக நான் எழுதும் ஆங்கிலக் கடிதங்களை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குள் நுழைந்தாலே, கிளார்க் வேல்பாண்டி ஏதோ பட்டனைத் தட்டுவான்; திரை இருண்டுவிடும். "மெஷினை அணைச்சுட்டேம்மா" என்பான். நேற்று அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

"அணைச்ச மெஷின் ஏன்ப்பா சுடுது?"

"திரையை மட்டும் அணைக்கிற சாப்ட்வேர்ம்மா. கரண்டு மிச்சம்னு மேனேஜரய்யா போடச் சொன்னாக."

நான் நம்பவில்லை. மவுஸை அசைத்தேன். உன் பெயரில் மேனேஜருக்கு வந்த மெயில் தெரிந்தது: 'அம்மாவுக்கு முடியவில்லை, வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள்.' வேல்பாண்டி பதறிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினான். மெஷின் பழுதானது அப்படித்தான்.

இந்த வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். உன் வீட்டில் விருந்தாளியாக இருக்க எனக்கு மனமில்லை.

ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ் அனுப்பு. நீயே கொண்டு வந்தாலும் சரி. தபால் கொண்டுபோகும் சின்னமனூர் ஜீப் கிளம்புகிறது, முடிக்கிறேன்.

அந்த மெயிலை எழுதியது நீதானா? போனில் சொல்லாதே. உன் கையால் எழுதிப் பதில் அனுப்பு.

அம்மா