பெட்ரோல் வாடையும் ஊதுபத்தியும்

வியாழன், இரவு

அப்பா ஆசைப்பட்டு வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் இன்றும் பெட்ரோல் வாடை. மெக்கானிக் பார்த்துவிட்டு, "டாங்குல இருந்து வாற டியூப் வெடிச்சுக் கசியுது. மாத்தாம எடுக்காதீங்க அண்ணாச்சி" என்றார். புது டியூப் வர நாளாகும். ஆனால் நாளைக் காலையில் பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூஜை.

அப்பா வண்டிக்குள் ஸ்டியரிங்குக்கு முன்னால் ஊதுபத்தி ஸ்டாண்டை ஒட்டினார். "ரெண்டு பத்தி கொளுத்துனா வாடை போயிரும் மக்கா."

"தீப்பிடிச்சிரும்ப்பா."

"ஏட்டி, சாமி காரியத்துல அபசகுனமாட்டா பேசுக?"

அம்மாவும் என்னைத்தான் முறைத்தாள். தம்பியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்காரப் போவது அவள்தான்.

கார் சாவியை என் ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்து வைத்திருக்கிறேன். காலையில் அடி விழும். விழட்டும். அப்பாவிடம் இன்னொரு சாவி இருக்கிறதா என்றுதான் தெரியவில்லை.