எட்டு பீரியடுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

என் அருமை ஸ்டெல்லாவுக்கு,

முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிக்கூடத்து முதல் மாடி லேடீஸ் ஸ்டாஃப் பாத்ரூமைத் திறந்துவிட்டார்கள். உள்ளே அடைத்து வைத்திருந்த கோ-கோ கம்பம், கிழிந்த வாலிபால் வலை, ஆண்டு விழா கிரீடங்கள் எல்லாம் வெளியே போய்விட்டன. குழாயில் தண்ணீர் வருகிறது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறது. நம்புடி, நானே போட்டுப் பார்த்தேன்.

நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் கழித்து எழுத உட்கார்ந்தவள் பாத்ரூமிலா ஆரம்பிப்பாள் என்று நீ சிரிப்பாய். சிரி, பரவாயில்லை. உன் மகள் ஜெனி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்ததும், உன் வீட்டுக்காரர் மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டதும் உனக்குத் தெரிந்திருக்கும். கல்லறைக்கு வரும்போதெல்லாம் அவர்களே சொல்லியிருப்பார்கள். குழம்பு சுமார்தான், அதை மட்டும் அவர் சொல்லியிருக்க மாட்டார். இந்தப் பாத்ரூம் கதையை நான்தான் சொல்லியாக வேண்டும்.

இதை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். நீ சயின்ஸ், நான் கணக்கு. கிழக்குத் தாம்பரத்தில் ஒரே ஸ்டாஃப் ரூமில், ஒரே மேஜையின் இரண்டு பக்கமும் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தோம். நீ வண்டலூரிலிருந்து ரயிலில் வருவாய், நான் பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில். மாடி பாத்ரூம் குழாய் ரிப்பேர் என்று பூட்டியவர்கள் அப்புறம் திறக்கவே இல்லை. நமக்கென்று மிச்சமிருந்தது கிரவுண்டைத் தாண்டி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒன்றுதான். அங்கே போக வேண்டுமானால் மொத்தப் பள்ளிக்கூடத்தின் கண்ணெதிரே, கரஸ்பாண்டென்ட் சார் ஜன்னலைக் கடந்து நடக்க வேண்டும். போய்வரப் பத்து நிமிஷம். பீரியடுக்கும் பீரியடுக்கும் நடுவே நமக்குக் கிடைத்ததோ, டஸ்டரை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்கு ஓடுகிற நேரம்.

அதனால் ஒரு திட்டம் போட்டோம். ‘போட்டோம்’ என்ன, போட்டவள் நான். காலை ஆறு மணிக்கு ஒரு காபி. அதற்கப்புறம் எதுவும் கிடையாது. மதியம் சாப்பிட்டதும் தொண்டையை நனைக்க ஒரே ஒரு வாய்த் தண்ணீர். மீதி எல்லாம் சாயங்காலம் வீட்டுக்குப் போய். டிபன் பாக்ஸுக்கும் சட்டம் வைத்தேன். ரசம் கூடாது, மோர் கூடாது, வெள்ளரிக்காய் கூடவே கூடாது. எலுமிச்சை சாதம், புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல் என்று உலர்ந்ததாகப் பார்த்து எடுத்து வந்தோம். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் தர்ப்பூசணி வண்டியைப் பார்த்தால் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பாய். "அதைப் பார்த்தாலே எனக்கு வருதுடி" என்பாய்.

எனக்கு இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருவது எது தெரியுமா? பத்தாம் வகுப்புக்கு நீ சிறுநீரகம் நடத்துகிற நாள். கலர் சாக்பீஸில் நீ வரைகிற படத்தை அழிக்க எனக்கு மனசே வராது. "நிறைய தண்ணி குடிக்கணும், வந்தா அடக்கக் கூடாது" என்று நாற்பது பேரை ஒரே குரலில் சொல்லவைப்பாய். மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்து, "ஸ்கூல் விட இன்னும் எத்தனை பீரியட்டி இருக்கு?" என்று என்னைக் கேட்பாய்.

நீர்க்கடுப்பு வந்தால் ‘சூடு’ என்று முடித்துவிடுவோம். வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கி இரண்டு கால் பெருவிரலிலும் தடவிக்கொள்வோம். தொப்புளில் விளக்கெண்ணெய். எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள் காலில் வெள்ளை வெளேரென்று சுண்ணாம்போடு நெஃப்ரான் நடத்தினாய். பிள்ளைகள் கேட்டதற்கு, கதவில் இடித்துக்கொண்டேன், மருந்து போட்டிருக்கிறேன் என்றாய். கடுப்பு இரண்டு நாளில் அடங்கும், அடுத்த மாதம் மறுபடி வரும். உனக்குச் சர்க்கரை வேறு. அதையும் சேர்த்து யோசிக்க நம் இருவருக்குமே தோன்றவில்லை.

கடைசியில் குளிர்காய்ச்சலாக வந்தது. அரையாண்டு விடைத்தாள் திருத்தி முடியட்டும் என்று காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தாய். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது இரண்டு சிறுநீரகமும் கைவிட்டிருந்தன. நான் பார்க்க வந்த அன்று உன் தலைமாட்டில் சின்ன கப் ஒன்றில் தண்ணீர் இருந்தது. ஒரு நாளைக்கு அவ்வளவுதான் என்று அளந்து வைத்திருந்தார்கள். "இப்ப குடிக்கணும்னு ஆசையா இருக்குடி, தரமாட்டேங்கறாங்க" என்றாய். நான் ஏதோ ஜோக் அடித்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அந்தத் திட்டம் என்னுடையது, ஸ்டெல்லா. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சர்க்கரைதான் காரணம் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நானும் தலையாட்டினேன்.

இதற்குப் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. நீ போன அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் வாட்டர் பெல் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று தடவை மணி அடிப்பார்கள், பிள்ளைகள் எல்லோரும் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. "யாரு குடிக்கல? கீழ சிந்தாத! மூடியைப் போடு!" என்று கத்திக்கொண்டு நான் நடுவில் நிற்பேன். என் பாட்டில் காலையில் நிரப்பியபடி மேஜையில் அப்படியே இருக்கும். மூன்று மணிக்குத் தலைவலி வரும், வெயில் என்பேன். படுத்தால் கெண்டைக்கால் இழுக்கும், வயசு என்பேன். கடுப்பு வந்தது. என்ன செய்தேன் என்று நினைக்கிறாய்? சுண்ணாம்புதான்.

மார்ச் மாதம் ஒரு நாள் ஏழாவது பீரியடில் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தபோது போர்டு சுற்றியது. அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் நோட்டால் விசிறினார்கள். நம் ஆயா குப்பம்மா ஓடி வந்து என் முகத்தையும் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னா டீச்சர், உதடு இப்டி வெடிச்சிக்கீது? காலீலேர்ந்து தண்ணி குடிச்சியா இல்லியா? கால்ல சுண்ணாம்பு தடவிகினு வாயில தண்ணி ஊத்தாங்காட்டி இன்னாத்துக்கு ஆவும்?"

நாற்பது பிள்ளைகள் முன்னால்! கோபம் வந்தது, காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

சேலையூரில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். ஜெனி வயசுதான் இருக்கும். எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்றாள். தேவையான அளவு என்றேன். இத்தனை வருஷ அனுபவத்தில், ‘மிஸ், படிச்சேன் மிஸ்’ என்று சொல்கிற பையனைப் பார்த்தவுடனே நமக்குத் தெரிந்துவிடும் இல்லையா, அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"தாகம் எடுக்குமா மேடம்?"

யோசித்துப் பார்த்தேன். "எடுக்கறதில்லம்மா."

"எடுத்திருக்கும். நீங்க கண்டுக்காம விட்டு விட்டு, இப்ப உங்களுக்குத் தெரியறதில்ல. யூரின் என்ன கலர்ல போகுது?"

அதையெல்லாம் நான் எங்கே பார்த்தேன்! ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்தார்கள். கிருமி இருந்தது, அதற்கு மருந்து. சிறுநீரகக் கணக்கு கோட்டைத் தாண்டி லேசாக வெளியே நின்றது. "இப்பவே சரி பண்ணிக்கலாம் மேடம். மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம். இப்படியே விட்டா..." என்று நிறுத்தினாள். மீதியை அவள் சொல்லத் தேவையில்லை, உன் தலைமாட்டுக் கப்பை நான் பார்த்திருக்கிறேன்.

நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்துக் குடிக்கச் சொன்னாள். காலைச் சாப்பாட்டை விடக் கூடாது. மோர், வெள்ளரிக்காய், தர்ப்பூசணி எல்லாம் நல்லது என்றாள். நாம் தள்ளிவைத்த பட்டியலை அப்படியே வாசித்தாள். வந்தால் உடனே போக வேண்டும் என்றபோதுதான், "ஸ்கூல்ல முடியாது டாக்டர்" என்றேன். ஏன் என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஸ்டாஃப் மீட்டிங். ஒரு தடவை நான் இதே பேச்சை எடுக்க எழுந்தபோது நீ என் கையைக் கிள்ளி, "ஆம்பளைங்க முன்னாடி வேணாம்டி" என்று உட்காரவைத்தது ஞாபகம் இருக்கிறதா? இந்தத் தடவை கிள்ள ஆளில்லை. வேறு ஏதாவது விஷயம் உண்டா என்று கரஸ்பாண்டென்ட் சார் கேட்டதும் எழுந்து நின்றேன்.

"சார், பாத்ரூம் விஷயம்."

பி.டி. சார் ஃபேனைப் பார்த்தார். தமிழ் ஐயா நோட்டில் அவசரமாக ஏதோ எழுதினார்.

"கிளீனிங் சரியில்லையா மிஸ்?" என்றார் கரஸ்பாண்டென்ட்.

"இல்ல சார். நாங்க போறதே இல்ல."

அப்புறம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஆறு மணி காபி, ஒரு வாய்த் தண்ணீர், புளியோதரை, சுண்ணாம்பு, என் ரிப்போர்ட். "ஸ்டெல்லா மிஸ்ஸுக்கும் அந்தத் திட்டத்தைப் போட்டுக் குடுத்தவ நான்தான் சார்" என்றபோது குரல் உடைந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் அழுதேன். வெட்கமாக இல்லை, ஆச்சரியம்தான்.

பிறகு இந்தி மிஸ் மெதுவாக, "நானும் குடிக்கறதில்ல சார்" என்றாள். "நான் காலையில டிபனே சாப்பிடறதில்ல, சாப்பிட்டா போகணுமேன்னு" என்றாள் இங்கிலீஷ் மிஸ். மூன்றாம் வகுப்பு டீச்சர், நான்காம் வகுப்பு டீச்சர் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். நம் திட்டம் ரகசியம் என்று நீயும் நானும் நினைத்துக்கொண்டிருந்தோமே, அங்கே இருந்த பெண்கள் அத்தனை பேரிடமும் ஆளுக்கொரு திட்டம் இருந்தது!

பி.டி. சார்தான் தொண்டையைச் செருமினார். "சார், மாடியில ஒண்ணு இருக்கு. குழாய் சின்ன ரிப்பேர்தான். அதுல... என் சாமானெல்லாம் போட்டு வெச்சிருக்கேன்." பாவம், மனுஷன் முகம் சுருங்கிவிட்டது.

கரஸ்பாண்டென்ட் சார் பேனாவை மூடி வைத்தார். "என் வீட்லயும் டீச்சர்தான். நான் ஒரு நாள்கூட இதைக் கேட்டதில்ல" என்றார். திங்கட்கிழமை பிளம்பர் வந்தார். வாட்டர் பெல் அடிக்கும்போது ஆயாக்கள் ஆளுக்கொரு வராந்தாவில் நின்று வகுப்புகளைப் பார்த்துக்கொள்வது என்றும் முடிவானது. குப்பம்மா நின்றால் ஒரு வகுப்பும் மூச்சு விடாது, எனக்குக்கூட அவ்வளவு அடங்காத ஒன்பது ‘பி’ உட்பட.

இப்போது நம் ஸ்டாஃப் ரூமைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. இந்தி மிஸ் தூக்குவாளியில் மோர் கொண்டுவருகிறாள். இங்கிலீஷ் மிஸ் காலையில் சாப்பிட்டுவிட்டு வருவதால் சிடுசிடுப்பு பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதி அவள் சுபாவம். நான் இரண்டு இட்லியாவது சாப்பிடாமல் பம்மலைத் தாண்டுவதில்லை. மூன்று மணித் தலைவலி போயே போய்விட்டது. ஜூனில் மறுபடி சோதித்தார்கள், கணக்கு கோட்டுக்குள் வந்துவிட்டது. தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள் டாக்டர். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு உனக்குத்தான் போன் செய்யத் தோன்றியது.

ஒரு நாள் ஷேர் ஆட்டோவில், இரண்டு பேருக்கு நடுவே நசுங்கிக்கொண்டு வரும்போது நாக்கு வறண்டது. தண்ணீர் வேண்டும் போல இருந்தது. என்ன இது என்று ஒரு கணம் புரியவில்லை. தாகம்டி! எத்தனை வருஷம் கழித்து! பையிலிருந்து பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா மேல் பாதி சிந்தி, திட்டும் வாங்கினேன்.

உன் இடத்தில் ஒரு வருஷம் ஒரு சார் இருந்தார். இந்த ஜூனில் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறாள், சயின்ஸுக்கு. முதல் நாள் உன் நாற்காலியில் பையை வைத்தாள். டைம்டேபிளைக் கேட்கவில்லை, எந்த வகுப்பு என்றும் கேட்கவில்லை. பி.டி. சார், தமிழ் ஐயா எல்லோரும் இருக்கும்போதே சாதாரணமாக, "மிஸ், இங்க பாத்ரூம் எங்க இருக்கு?" என்றாள்.

நீயும் நானும் இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவை கூட அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டதில்லை. முதல் நாள் நீ கேட்டிருந்தால்? நான் கேட்டிருந்தால்? பி.டி. சார் தலை நிமிராமல், "மாடியில, ரைட் சைடும்மா" என்றார். பெண்கள் நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அந்தப் பெண் பயந்துபோய், "ஏதாச்சும் தப்பா கேட்டுட்டேனா மிஸ்?" என்றாள். இல்லம்மா, ரொம்ப சரியாகக் கேட்டாய் என்று சொல்லி நானே கூட்டிக்கொண்டு போனேன். படியேறும்போது எனக்குக் கண் நிறைந்தது.

என்னை மன்னித்துவிடு, ஸ்டெல்லா. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி யாருக்கும் அந்த மாதிரிக் கணக்கு போட்டுத் தர மாட்டேன், எனக்கும் போட்டுக்கொள்ள மாட்டேன். தாகம் எடுத்தால் குடிப்பேன், பசித்தால் சாப்பிடுவேன். வந்தால், நடு வகுப்பில் நடுக் கணக்கில் இருந்தாலும், சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு எல்லோரும் பார்க்க எழுந்து போவேன்.

உன் ஜெனிக்குப் பெரியம்மா,
உனக்கு என்றும் லல்லி