குழுவே எனக்காகக் காத்திருந்தது

அன்பு மகளுக்கு, அப்பா தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் சௌக்கியம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியமாக இருக்கிறீர்களா. இதுவரை நான் சொல்லச் சொல்ல அடுத்த வீட்டுக்காரர்தான் எழுதுவார், அதில் பாதி அவர் சொந்தச் சரக்கு. இது முழுக்க என் சரக்கு. காலையில் ஆரம்பித்தேன், இன்னும் முதல் பக்கம் முடியவில்லை, என்ன, சட்டமா எழுதுகிறீர்கள் என்று உன் அம்மா கேலி செய்கிறாள். சட்டம்தான் எழுதினோம் கண்ணு, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெரியவர்கள் எழுதப் படிக்கக் கற்கும் எங்கள் மாலை வகுப்பை நடத்தும் பெரிய டீச்சரை உனக்குத் தெரியும், உனக்கும் பாடம் எடுத்தவர்தான். மாநிலக் கல்வி இயக்குநர் பதவி காலியாகி, டீச்சர் மனுப் போட நினைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு மசோதா வந்தது, இயக்குநராக வருகிறவருக்கு முனைவர் பட்டம் கட்டாயமாம், பாடம் நடத்தியிருக்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. டீச்சரிடம் அந்தப் பட்டம் இல்லை. போன இயக்குநரிடம் இருந்தது, ஆனால் வகுப்பில் ஒருநாள்கூட நின்றதில்லை. சீக்கிரம் வாசிக்க வராதவர்களின் பெயரை அடித்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டவர் அவர்தான். என் பெயரையும் அடித்தார்கள், டீச்சர் கண்டுகொள்ளாமல் என்னை உட்கார வைத்துக்கொண்டார். அதனால் பொதுமக்களும் வந்து பேசலாம் என்று சட்டமன்றக் குழு சொன்னதும், நீங்கதான் பேசணும் என்று எல்லோரும் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

எங்கள் வகுப்பில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் சத்தமாக வாசிக்கும்போது சிக்கிக்கொண்டால் யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது, அவரே கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். கண்டுபிடித்ததும் அந்த வரியை எல்லோரும் சேர்ந்து ஒருதடவை சொல்ல வேண்டும். குழு கூடியிருந்த பெரிய கூடத்தில் மைக் முன்னால் நின்று தாளைப் பிரித்தேன். நான் எழுதிய முதல் வரி எப்படியோ ஓடிவிட்டது. அடுத்தது, பாடம் நடத்திய அனுபவம் இல்லாதவர் டீச்சர்களுக்குத் தலைவராக வரக் கூடாது என்பது. அனுபவம் என்ற இடத்தில் சிக்கிக்கொண்டேன். நானே எழுதியது, ஆனாலும் வரவில்லை. பரவாயில்லை பெரியவரே, தாளைக் கொடுங்க, நாங்க படிச்சுக்கிறோம் என்றார் ஒரு உறுப்பினர். இல்லைங்க, கொஞ்சம் பொறுங்க, வந்துடும் என்றேன். நேரம் முடிந்ததென்று சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பிப் பார்த்தால் பார்வையாளர் வரிசையில் வகுப்பே உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வாய் ஓயாத டெய்லர், அதான் நம்ம ரேடியோ, இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருக்கிறார். டீச்சர் வழக்கம்போல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், அவசரமே இல்லாதவர் மாதிரி. குழுத் தலைவி அம்மா அவர்களைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார், அவரும் காத்திருந்தார்.

வந்துவிட்டது கண்ணு! முழு வரியையும் கணீரென்று வாசித்தேன். உடனே பின்னாலிருந்து வகுப்பே ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டது, கூடம் அதிர்ந்தது. காவலர் ஓடிவந்து, இங்கே சத்தம் போடக் கூடாதுன்னு போர்டு இருக்கே, வாசிக்கத் தெரியாதா என்று கத்தினார். ரேடியோ நெஞ்சை நிமிர்த்தி, தெரியும்ங்க, வரும்போதே வாசிச்சுட்டேன் என்றார். தலைவி அம்மா சிரித்துவிட்டார். இப்படிக் காத்திருக்க இவங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று டீச்சரைக் கேட்டார். ஆரம்பத்துல நானும் அவசரப்பட்டு எடுத்துக்கொடுத்தவதாங்க, வகுப்புல நின்னு நின்னுதான் பொறுமை வந்தது என்றார் டீச்சர்.

நேற்று சட்டம் நிறைவேறிவிட்டது. பட்டம் இருந்தால் நல்லது, வகுப்பில் பாடம் நடத்தியிருப்பது கட்டாயம். டீச்சர் மனு போய்விட்டது. அவருக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை, வேறு யார் வந்தாலும் வகுப்பில் நின்றவராகத்தான் வருவார். உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள்.

குட்டி வாசிக்கத் திணறுகிறாள், எனக்குப் பொறுமை போகிறது என்று போனில் அலுத்துக்கொண்டாயே. எடுத்துக்கொடுக்காதே. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார். வந்துடும். வந்ததும் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து அந்த வரியைச் சத்தமாகச் சொல்லுங்கள், அக்கம்பக்கத்தார் கேட்டால் கேட்கட்டும். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். பதிலைப் பெரிய எழுத்தில் எழுது, எனக்குத் தெரியாத வார்த்தை இருந்தால் இருக்கட்டும், நான் காத்திருப்பேன்.

இப்படிக்கு,
இனித் தானே எழுதப்போகும்
உன் அப்பா